உஷார்! வியர்க்காத குழந்தைக்கு வெயிலே எமன்

வெயில் ஏற ஏறக் குழந்தையின் உடம்பு கொதிக்கிறது. சாயங்காலம் காற்று வந்ததும் தானாகத் தணிகிறது. மறுநாள் மதியம் மறுபடியும் அதே கொதிப்பு. ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. சிறுநீரில் ஒன்றுமில்லை. டைபாய்டு இல்லை, டெங்கு இல்லை. ஆன்டிபயாடிக் மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்தாயிற்று. "பல் முளைக்கிற காய்ச்சல்தான், பயப்படாதே" என்கிறார் பாட்டி. ஒன்றரை வயதாகிவிட்டது, பல்லைத்தான் காணோம்.

இப்படி ஒரு குழந்தை உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், இந்தக் கட்டுரையை மேற்கொண்டு படிக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். குழந்தை ஓடியாடிவிட்டு வந்ததும் அதன் கழுத்து மடிப்பிலும் முதுகிலும் நெற்றியிலும் கை வைத்துப் பாருங்கள். மற்றக் குழந்தைகளெல்லாம் தொப்பலாக நனைந்திருக்கும்போது இந்தக் குழந்தையின் தோல் மட்டும் சூடாக, காய்ந்த காகிதம் மாதிரி இருக்கிறதா? அப்படியானால் அதற்கு வருவது காய்ச்சலாக இல்லாமல் போகலாம். அதன் உடம்பில் வியர்வைச் சுரப்பிகளே இல்லாமல் இருக்கலாம்.

எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா என்பது இதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர். கருவின் வெளி அடுக்கிலிருந்துதான் தோல், முடி, நகம், பல், வியர்வைச் சுரப்பி எல்லாம் உருவாகின்றன. அந்த அடுக்குக்கு உத்தரவு கொடுக்கும் மரபணுவில் கோளாறு இருந்தால் இவையெல்லாம் சேர்ந்தாற்போல் பாதிக்கப்படும். இதில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றுள் அதிகம் காணப்படுவது, வியர்வை மிகக் குறைவாகச் சுரக்கும் அல்லது அறவே சுரக்காத வகை. பல ஆயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்கிற அளவில் வரும் அரிய நோய்தான். ஆனால் அரிய நோய் என்பதாலேயே பல மருத்துவர்கள் தங்கள் வாழ்நாளில் ஒருமுறைகூட இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

வியர்வை என்றால் நமக்கு நாற்றமும் கசகசப்பும்தான் நினைவுக்கு வரும். அது இல்லாத உடம்பு என்ன பாடுபடும் என்று நாம் யோசிப்பதில்லை. மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? பானையின் நுண்துளைகள் வழியே கசியும் ஈரம் காற்றில் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதே தண்ணீரை எவர்சில்வர் குடத்தில் ஊற்றி வெயிலில் வைத்தால் குடம் சுடும். வியர்வைச் சுரப்பி இல்லாத குழந்தை அந்த எவர்சில்வர் குடம்.

காற்று நம் தோலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை, வியர்க்காவிட்டாலும் உடம்பின் வெப்பம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். வெயில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். உடம்பிலிருந்து காற்றுக்குப் போக வேண்டிய வெப்பம் காற்றிலிருந்து உடம்புக்கு வரும். அந்த நேரத்தில் உடம்பைக் காக்க மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாவதுதான். பெரியவர் ஒருவரின் உடம்பில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. எல்லாமே தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. பிறந்த பிறகு புதிதாக ஒன்றுகூட முளைக்காது. ஆகவே 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று காத்திருப்பதற்கு இதில் இடமே இல்லை.

சித்திரை, வைகாசியில் நம் ஊர்களில் மதிய வெயில் 40 டிகிரியை அநாயாசமாகத் தொடுகிறது. கத்திரி வெயிலில் சிமென்ட் ஷீட் போட்ட வீட்டுக்குள், மின்வெட்டு நேரத்தில், தொட்டிலில் படுத்திருக்கும் வியர்க்காத குழந்தையை நினைத்துப் பாருங்கள். உடம்பின் சூடு 40 டிகிரியைத் தாண்டினால் மூளை தாக்குப்பிடிக்காது. வலிப்பு வரும். நினைவு தப்பும். பிழைத்தாலும் மூளையில் நிரந்தரப் பாதிப்பு தங்கிவிடலாம். இந்த நோய் உள்ள குழந்தைகள் மூளை வளர்ச்சியில் பொதுவாக எந்தக் குறையும் இல்லாதவர்கள். அறிவுக்கூர்மையோடு பிறந்த பிள்ளையை, நோயை யாரும் கண்டுபிடிக்காத ஒரு கோடை முடக்கிப் போடுகிறது. சில பிள்ளைகளின் உயிரையே கொண்டுபோகிறது. நோய் என்னவென்று தெரியாமலே குழந்தைகள் இறந்துபோவது முதல் சில ஆண்டுகளில்தான் அதிகம். அந்த ஆண்டுகளைப் பத்திரமாகக் கடந்துவிட்டால் பெரும்பாலோர் எல்லோரையும்போல முழு ஆயுளும் வாழ முடியும்.

இனி நாம் செய்யும் தவறுகளைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. எல்லாம் பாசத்தால் செய்யும் தவறுகள். ஆனால் பாசம் உடம்புச் சூட்டை இறக்காது.

உடம்பு சுட்டால் முதலில் நாம் செய்வது என்ன? ஜன்னலை மூடுகிறோம். மின்விசிறியை நிறுத்துகிறோம். தலைக்குக் குல்லாய், காலுக்கு சாக்ஸ், மேலே கம்பளி. 'வியர்த்துக் கொட்டினால் காய்ச்சல் இறங்கிவிடும்' என்கிற நம்பிக்கை. வியர்க்கவே வழியில்லாத குழந்தைக்கு இது உயிரோடு விளையாடும் காரியம். குழந்தை வீறிட்டு அழும். துணியைப் பிய்த்து எறியும், தரையில் உருளும், ஈரத் தரையைத் தேடிப் போய்ப் படுக்கும். 'அடம்' என்கிறோம். அந்தக் குழந்தை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போராடுகிறது.

அடுத்தது பாராசிட்டமால் சிரப். கிருமித் தொற்றால் வரும் காய்ச்சலில், மூளைக்குள் இருக்கும் வெப்பக் கட்டுப்பாட்டு மையம் 'இன்னும் சூடு வேண்டும்' என்று தன் அளவைத் தானே உயர்த்திக்கொள்கிறது. பாராசிட்டமால் அந்த அளவைக் கீழே இறக்கும். வியர்வை இல்லாததால் ஏறும் சூட்டில் அந்த மையம் தன் அளவை உயர்த்தவே இல்லை. அது 'குறைக்க வேண்டும், குறைக்க வேண்டும்' என்று கூவிக்கொண்டிருக்கிறது, குறைக்கும் கருவிதான் உடம்பில் இல்லை. அங்கே சிரப் என்ன செய்யும்? நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மருந்தை ஊற்றிவிட்டுக் காத்திருக்கிறோமே, அந்தக் காத்திருப்புதான் ஆபத்து.

அதற்காகச் சூடு ஏறும்போதெல்லாம் 'இது வெயில் சூடுதான்' என்று அலட்சியமாக இருந்துவிடவும் கூடாது. இந்தக் குழந்தைகளின் மூக்கிலும் மூச்சுக்குழலிலும் சளிச்சவ்வின் சுரப்பிகளும் குறைவு. அதனால் நெஞ்சுச் சளி, நிமோனியா, காதில் சீழ், வீசிங் எல்லாம் மற்றக் குழந்தைகளைவிட இவர்களுக்கு அடிக்கடி வரும். உண்மையான காய்ச்சல் வந்தால் அதை இறக்க வியர்வையின் உதவியும் இருக்காது என்பதால், சூடு விறுவிறுவென்று ஏறிவிடும். முதலில் குளிர்விக்க வேண்டும். குளிர்ந்த அறைக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்தும் சூடு சீக்கிரம் இறங்கவில்லை என்றாலோ, இருமல், மூச்சுத்திணறல், சோர்வு, பால் குடிக்க மறுப்பது என்று வேறு எதுவும் கூடவே இருந்தாலோ, உடனே மருத்துவமனை. இதில் தயக்கம் வேண்டாம்.

பிறந்த குழந்தை விஷயத்தில் இன்னும் கவனம். மகப்பேறு நடந்த அறையில் காற்று புகக்கூடாது என்று அடைத்துவைப்பதும், குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டி இறுகச் சுற்றிப் படுக்கவைப்பதும் நம் வழக்கம். மருத்துவமனையில் வார்மர் விளக்கின் கீழும் இன்குபேட்டரிலும் வைக்கிறார்கள். வியர்வைச் சுரப்பி இல்லாத சிசுவுக்கு இவை எல்லாமே சூட்டை ஏற்றக்கூடியவை. பிறந்த சில நாட்களில் காரணம் தெரியாமல் உடம்பு சுட்டால், தோலும் தாள் தாளாக உரிந்தால், அந்த இரண்டையும் சேர்த்து யோசிக்கும்படி மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று நினைக்காதீர்கள்.

இந்த நோயைக் கண்டுபிடிக்க முதலில் வேண்டியது ஸ்கேனோ மரபணுச் சோதனையோ இல்லை. உற்றுப் பார்க்கும் கண் இருந்தால் போதும். தலையில் முடி பூனைமயிர்போல மெலிந்து, வெளிறி, ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். புருவமும் இமைமுடியும் இருக்காது, இருந்தாலும் அரிதாக இருக்கும். நெற்றி முன்னால் புடைத்து, மூக்குத்தண்டு அமுங்கி, உதடு தடித்து வெளியே மடங்கினாற்போல் இருக்கும். கண்ணைச் சுற்றித் தோல் கறுத்துச் சுருங்கி, சின்ன வயதிலேயே முதிர்ந்த முகமாகத் தெரியும். உடம்பெங்கும் வறட்சி, அரிப்பு, கரப்பான். குரல் கரகரக்கும். மூக்கில் சளி காய்ந்து பொருக்காக அடைத்து நாற்றமெடுக்கும். அழுதால் கண்ணீர் குறைவாகவே வரும். பல் வரத் தாமதமாகும். வந்தாலும் ஒன்றிரண்டுதான், அதுவும் ஆணிபோல் கூராக. பலருக்குப் பாதிக்கு மேல் பற்கள் முளைக்கவே முளைக்காது.

முடி, பல், வியர்வை. இந்த மூன்றும் ஒரே குழந்தையிடம் குறைவாக இருந்தால் நீங்கள் உஷாராக வேண்டும். ஆனால் நம் வீடுகளில் இந்த மூன்றுக்கும் மூன்று சமாதானம் தயாராக இருக்கிறது. முடி இல்லையா, 'இரண்டு மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும்.' பல் இல்லையா, 'லேட்டாக வந்தால் உறுதியாக இருக்கும்.' உடம்பு சுடுகிறதா, 'அது சூட்டு உடம்பு, விளக்கெண்ணெய் தடவு.' தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் தெரியும். முடிக்கு ஒரு கோயில், பல்லுக்கு ஒரு டாக்டர், தோலுக்கு ஒரு டாக்டர், காய்ச்சலுக்கு ஒரு டாக்டர் என்று வருஷங்கள் ஓடிவிடுகின்றன. மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஒருவரும் இருப்பதில்லை.

அப்படி ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள் மரபணு என்ற சொல்லே இல்லாத காலத்திலும் இருந்தார்கள். அப்படிப் பார்க்கப்பட்ட ஒரு குடும்பம் இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் சிந்து மாகாணத்தைச் சேர்ந்த இந்துக் குடும்பம். பரிணாமக் கொள்கையைத் தந்த சார்லஸ் டார்வின், வளர்ப்பு விலங்குகளிலும் பயிர்களிலும் தோன்றும் மாறுபாடுகளைப் பற்றி எழுதிய தம் பெரிய நூலின் 1875ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்தக் குடும்பத்தைக் குறிப்பிடுகிறார். வெடர்பர்ன் என்பவர் அவருக்கு அனுப்பிய தகவல் அது. நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்கள். ஒவ்வொருவருக்கும் மேலும் கீழுமாகச் சேர்த்து முன்வரிசையில் நான்கே நான்கு சிறிய பற்கள், பின்னால் எட்டுக் கடைவாய்ப் பற்கள். உடம்பில் முடி மிகக் குறைவு. இள வயதிலேயே வழுக்கை. வெயில் காலத்தில் தோல் காய்ந்து மிகவும் அவதிப்பட்டார்கள்.

அந்தக் குறிப்பில் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது இன்னொரு செய்தி. அந்தக் குடும்பத்துப் பெண்கள் ஒருவருக்கும் இந்தக் குறை இல்லை. ஆனால் அந்தப் பெண்களின் மகன்களுக்கு வந்தது. பாதிக்கப்பட்ட ஆணிடமிருந்து அவருடைய மகனுக்குப் போகவில்லை. மெண்டலின் ஆராய்ச்சியை உலகம் அப்போது கவனிக்கவே இல்லை. எக்ஸ் குரோமோசோமை யாரும் கண்டறிந்திருக்கவில்லை. ஆனாலும் நோய் நடக்கும் பாதை துல்லியமாக அந்தக் குறிப்பில் பதிவாகிவிட்டது. ஏறத்தாழ 120 ஆண்டுகள் கழித்து, 1996இல், எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் ஈடிஏ என்ற மரபணுவை விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். வியர்வைச் சுரப்பியும் பல்லும் முடியும் உருவாக வேண்டிய இடத்தில் உருவாக உத்தரவு கொடுக்கும் புரதத்தை அந்த மரபணுதான் தயாரிக்கிறது.

மே மாதத்தில் 50 டிகிரியைத் தாண்டும் வெயில் சிந்துவுக்குப் புதிதில்லை. மொகஞ்சதாரோவில் 2010 மே மாதம் 53.5 டிகிரி பதிவானது. மின்விசிறியோ ஐஸ்பெட்டியோ இல்லாத காலத்தில் அந்தப் பத்து ஆண்கள் எப்படி உயிரோடு வளர்ந்தார்கள் என்று நினைக்கும்போது மலைப்பாக இருக்கிறது. அவர்கள் வளர்ந்தார்கள், அதனால் குறிப்பில் ஏறினார்கள். தொட்டிலிலேயே சூடு தாங்காமல் போன பிள்ளைகள் அந்த வீட்டிலும் இருந்திருக்கலாம். அவர்களை யார் எண்ணினார்கள்?

மரபு வழியைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தாய்க்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். ஒன்றில் கோளாறு இருந்தாலும் இன்னொன்று ஓரளவு சமாளித்துவிடும். மகனுக்கு ஒரே எக்ஸ்தான், அது தாயிடமிருந்து வருவது. எனவே கோளாறு சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் தாயைப் போலவே சுமப்பவளாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பாதிக்கப்பட்ட ஆணின் மகன்களுக்கு வராது, மகள்கள் அனைவரும் சுமப்பார்கள். சில குழந்தைகளுக்குக் குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாகவும் தோன்றும்.

இதைப் படித்தவுடன் 'அப்போ எல்லாம் மருமகளால் வந்தது' என்று யாராவது ஆரம்பித்தால், தயவுசெய்து அங்கேயே நிறுத்துங்கள். எந்தத் தாயும் தன் மரபணுவைக் கடையில் பார்த்துப் பொறுக்கி எடுக்கவில்லை. கோளாறைச் சுமக்கும் பெண்களுக்கே அறிகுறிகள் இருக்கக்கூடும் என்பதுகூட நமக்குத் தெரிவதில்லை. ஒன்றிரண்டு பற்கள் முளைக்காமல் போயிருக்கும், அல்லது ஒரு பல் ஆணிபோல் இருக்கும். முடி மெலிதாக இருக்கும். உடம்பில் சில பட்டைகளில் மட்டும் வியர்க்காது. தாய்ப்பால் சுரப்பியும் இதே வெளி அடுக்கிலிருந்து உருவாவதுதான் என்பதால், சிலருக்குப் பால் போதாமல் போகும். 'பிள்ளைக்குப் பால் கொடுக்கத் துப்பில்லை' என்று பேச்சு வாங்கிய எத்தனை பெண்களுக்கு உண்மையில் இதுதான் காரணமோ! அவர்களுடைய பல்லை ஒருமுறை பார்த்திருந்தால், மகன் பிறப்பதற்கு முன்பே நாம் தயாராக இருந்திருக்கலாம்.

ஆண் குழந்தைக்கு மட்டும்தான் வரும் என்று பெண் குழந்தை வீட்டார் நிம்மதியாக இருந்துவிடவும் வேண்டாம். ஈடிஏஆர் போன்ற வேறு மரபணுக்களின் கோளாறால் வரும் வகைகள் ஆண், பெண் என்று பார்ப்பதில்லை. அவற்றில் சில, தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே கோளாறு வந்து சேரும்போது முழு வேகத்தோடு வெளிப்படும். நெருங்கிய உறவில் திருமணம் செய்தால் அப்படிச் சேரும் வாய்ப்பு கூடும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பெண்கள் சொந்தத்தில் மணம் முடித்தவர்கள். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சம்பந்தம் பேசும்போது சொத்து, நகை, ஜாதகம் எல்லாம் பேசுகிறோம். இரண்டு பக்கத்திலும் பல் முளைக்காமல், முடியில்லாமல், வெயில் தாங்காமல் வளர்ந்தவர் யாராவது உண்டா என்று ஒரு வார்த்தை கேட்க ஏன் கூச்சப்பட வேண்டும்?

இன்னொரு வகையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அரிதிலும் அரிதாக, நீமோ என்ற மரபணுவின் கோளாறால் வரும் வகையில் நோய் எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்தே குறைந்திருக்கும். காசநோயும் அதன் இனக் கிருமிகளும் இந்தக் குழந்தைகளைக் கடுமையாகத் தாக்கும். பிசிஜி தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள, வலுவிழந்த கிருமி. முன்பே இப்படி ஓர் ஆண் குழந்தையைக் கடும் தொற்றில் பறிகொடுத்த குடும்பம் என்றால், அடுத்த மகன் பிறந்ததும் அதைச் சொல்லிவிட்டுத்தான் பிசிஜி பற்றி முடிவெடுக்க வேண்டும். மற்ற எல்லா எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா குழந்தைகளுக்கும் தடுப்பூசிகள் தவறாமல் போட வேண்டும். நெஞ்சுச் சளி எளிதில் பிடிக்கும் உடம்புக்குத் தடுப்பூசி மிகமிக அவசியம்.

சரி, குழந்தைக்கு இந்த நோய் இருப்பது தெரிந்துவிட்டது. என்ன செய்வது?

தண்ணீர். வியர்வைக்குப் பதில் வெளியிலிருந்து நாம் கொடுக்கும் தண்ணீர்தான் இந்தக் குழந்தையின் முதல் மருந்து. மெல்லிய பருத்திச் சட்டையை நனைத்துப் பிழிந்து போட்டுவிட்டு மின்விசிறிக் காற்றில் இருக்கவைத்தால், சட்டையின் ஈரமே வியர்வையின் வேலையைச் செய்யும். வெளியே போனால் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டில் ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும். குடிக்கவும் அடிக்கடி கொடுங்கள். வெளிநாடுகளில் குளிரூட்டும் மேல்சட்டைகள் கிடைக்கின்றன, ஆனால் ஈரத்துண்டும் அதே வேலையைச் செய்துவிடும். வீட்டில் ஓர் அறையிலாவது ஏசியோ, வறண்ட வெயில் அடிக்கும் ஊர் என்றால் ஏர்கூலரோ, இந்தக் குழந்தைக்கு ஆடம்பரம் இல்லை, மருத்துவத் தேவை. நிறுத்திவைத்த காருக்குள் ஐந்து நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள். தெர்மாமீட்டர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

சூடு ஏறிக் குழந்தை துவண்டுவிட்டால் துணிகளைக் கழற்றி, குழாய்த் தண்ணீரால் தலை முதல் கால்வரை நனைத்து, வேகமாக விசிறுங்கள். வலிப்பு வந்தாலோ கண் செருகினாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108ஐக் கூப்பிட்டு, வண்டி வரும்வரையிலும் வண்டிக்குள்ளும் நனைப்பதை நிறுத்தாதீர்கள். அறுவைசிகிச்சை எதற்காவது மயக்கமருந்து கொடுக்கும் நிலை வந்தால், 'இவனுக்கு வியர்க்காது' என்பதை மயக்கமருந்து நிபுணரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கண் வறண்டு புண்ணாகாமல் இருக்கக் கண் டாக்டர், மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, தோலுக்கு ஈரப்பசை தரும் களிம்பு. இவை பழகிவிடும்.

பல் விஷயத்தில்தான் பெற்றோர்கள் பெரிய தவறு செய்கிறார்கள். 'வயசு வந்த பிறகு கட்டிக்கலாம்' என்று தள்ளிப்போடுகிறார்கள். பல் முளைக்காத ஈறில் தாடை எலும்பும் சரியாக உயராது. முகத்தின் கீழ்ப்பாதி சுருங்கும். சோற்றை மெல்ல முடியாததால் குழந்தை எடை போடாது. பேச்சும் தெளியாது. மூன்று, நான்கு வயதிலேயே கழற்றி மாட்டும் பல்செட் செய்து கொடுக்கலாம். தாடை வளர வளர அதை மாற்றிக்கொண்டே வர வேண்டும். வளர்ச்சி முடிந்த பிறகு பெரும்பாலும் இம்ப்ளான்ட் வைக்கிறார்கள். முதலில் ஓர் எக்ஸ்ரே எடுத்தால் ஈறுக்குள் எத்தனை பல் முளைகள் இருக்கின்றன என்பது அப்போதே தெரிந்துவிடும். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் குழந்தைகள் பல் பிரிவு இருக்கிறது, அங்கே போங்கள்.

கூரான பல்லும் புருவமில்லாத முகமும் பள்ளியில் என்ன பெயர் வாங்கித்தரும் என்று உங்களுக்கே தெரியும். பேய், டிராகுலா. அமெரிக்க நடிகர் மைக்கேல் பெர்ரிமேனுக்கு இந்த நோய் உண்டு. 1977இல் வந்த 'தி ஹில்ஸ் ஹேவ் ஐஸ்' என்ற திகில் படத்தில் மனிதரைத் தின்னும் கொடியவனாக அவரை நடிக்கவைத்தார்கள். அந்த முகத்தைத்தான் போஸ்டரிலும் போட்டார்கள். மேக்கப் தேவைப்படாத பயங்கரம் என்று ஒரு நோயின் முகத்தை உலகம் பார்த்துப் பழகியிருக்கிறது. நம் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களும் கவனிக்க வேண்டும். கேலியைத் தடுப்பது ஒரு பக்கம். வெயிலில் நிற்கவைத்துத் தண்டனை கொடுப்பதும், பிரேயரில் அரைமணி நேரம் நிறுத்துவதும், பி.டி. வகுப்பில் ஓடவிடுவதும் இந்தப் பிள்ளைக்கு ஆபத்து. 'நடிக்கிறான்' என்று சொல்லும் முன் அவன் கன்னத்தைத் தொட்டுப் பாருங்கள். வகுப்பு நேரத்தில் முகம் கழுவப் போக அவன் கேட்டால் அந்த நொடியே அனுப்புங்கள்.

நம்பிக்கை தரும் செய்தி ஒன்றும் இருக்கிறது. ஈடிஏ மரபணு தர வேண்டிய புரதத்தைச் செயற்கையாகத் தயாரித்து, பிறந்த குழந்தைகளுக்கு ஊசியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பலன் இல்லை. காலம் கடந்துவிட்டிருந்தது. பிறகு ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக மருத்துவர்கள், கரு வயிற்றில் இருக்கும்போதே பனிக்குட நீரில் அந்தப் புரதத்தைச் செலுத்தினார்கள். 2018இல் வெளியான அவர்களுடைய அறிக்கையில், இரட்டையர் உட்பட மூன்று ஆண் குழந்தைகளுக்கு வியர்வை சுரந்தது. நோய் வரும் என்று எழுதப்பட்டிருந்த மூன்று பிள்ளைகளும் வியர்த்தார்கள்! இந்தச் சிகிச்சை இன்னும் ஆய்வுக் கட்டத்தில் இருக்கிறது, கடையில் வாங்கும் மருந்தாக வரவில்லை. ஆனால் ஒரு விஷயம் இதில் தெளிவாகிறது. கர்ப்பத்தின் ஆறாவது, ஏழாவது மாதத்துக்குள் தெரிந்தால்தான் எதுவும் செய்ய முடியும். தாய் கோளாறைச் சுமப்பவள் என்பது அதற்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே, வீட்டில் ஒரு பிள்ளைக்கு இந்த நோய் உறுதியானால், தாய்க்கும் தாயின் சகோதரிகளுக்கும் மரபணு ஆலோசனை கட்டாயம். அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே போக வேண்டும். கருவின் பாலினம் அறிவதைத் தடை செய்யும் சட்டத்தைக் காட்டி, 'இதையெல்லாம் சோதிக்க முடியாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாலினத்தோடு பிணைந்த மரபு நோய்களைப் பதிவுபெற்ற மையங்களில் சோதிக்க அதே சட்டம் இடம் தருகிறது. அரிய நோய்களுக்கான உயர்சிறப்பு மையமாக மத்திய அரசு அறிவித்த இடங்களில் சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும் ஒன்று.

ஒரு குறையையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் இந்த நோய் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. பல்செட்டை மாற்ற மாற்ற ஆகும் செலவும், கோடையில் எகிறும் மின்கட்டணமும் குடும்பத்தின் தலையில்தான் விழுகின்றன. அரசு இதைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, அங்கன்வாடி ஊழியர்களுக்கும் கிராம சுகாதார செவிலியர்களுக்கும் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். மருத்துவர்களைவிட அதிகக் குழந்தைகளை நீங்கள்தான் பார்க்கிறீர்கள். எடை பார்க்கும் நாளில் குழந்தையின் வாயையும் திறந்து பாருங்கள். பதினைந்து மாதம் ஆகியும் ஒரு பல்கூட இல்லை, புருவம் இல்லை, வெயிலில் உடம்பு சுடுகிறது என்று தாய் சொன்னால், அந்தக் குழந்தையின் பெயரை நோட்டில் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். சிரப் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குக் கடிதம் கொடுத்து அனுப்புங்கள், அவர்கள் போய்ச் சேர்ந்தார்களா என்று அடுத்த வாரம் விசாரியுங்கள். பங்குனி முடிவதற்குள் இதைச் செய்யுங்கள்.